கை எப்படி இருக்கு?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் கரண்ட் ஆபீசில் இருந்து கேட்டார்கள். பாதுகாப்பு விதிகளை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள் போல. அவை ஆபீஸ் சுவரிலேயே பெரிய எழுத்தில் தொங்குகின்றன. என் காலத்தைவிட இப்போது கலரெல்லாம் போட்டு நன்றாகவே இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது அந்தச் சுவரில் இல்லாத ஒன்றைப் பற்றி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒருவரை ஒருவர் "கை எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொள்கிறீர்களே, அதைப் பற்றி. இப்போதெல்லாம் குட்மார்னிங் சொல்வதுபோல அதைக் கேட்டுவிட்டு, பதிலைக்கூடக் கேட்காமல் வண்டியில் ஏறிவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கோபம் வந்தது. பிறகு, அந்த வழக்கம் எப்படி வந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கேள்வி முதன்முதலில் என்னைக் கேலி செய்வதற்காகக் கேட்கப்பட்டது.

நான் சின்னச்சாமி. லைன்மேனாக இருந்து, கடைசியில் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகிற ரோட்டில், டவுனைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வருகிற கிராமங்கள் எங்கள் பொறுப்பு. தென்னந்தோப்புகளும் பூந்தோட்டங்களும் கிணற்று மோட்டார்களுமாக இருந்த ஏரியா. கம்பத்தின் உச்சிக்கு ஏறிவிட்டால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் தூரத்தில் டவுனும் மலைக்கோட்டையும் தெரியும். வேலை முடிந்த பிறகும் இறங்க மனசு வராமல் செத்த நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு இறங்குவேன். கீழே தோட்டத்து அம்மா யாராவது மோர்ச் செம்போடு காத்துக்கொண்டிருப்பார்கள். சம்பளம் கொஞ்சம்தான். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

எங்கள் கூட்டத்தில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் காதர். டவுனில் பேகம்பூர்ப் பக்கம் வீடு. அவருடைய அண்ணன் அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவர். காதருக்கு வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. எங்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தவர் அவர்தான். இன்னொருவர் பால்ராசு. பேச்சு குறைவு, வேலை சுத்தம். யார் என்ன கிண்டல் செய்தாலும் சிரித்துக்கொண்டே கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் காலையில் அந்தப் பால்ராசு கம்பத்தில் இருந்து விழுந்தார். ஷாக் இல்லை. லைன் நிறுத்தித்தான் இருந்தது. பெல்ட்டை மாட்டுவதற்கு முன்பே கை நழுவி, அப்படியே மல்லாக்க விழுந்தார். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அவர் விழுந்த சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. உயிர் பிழைத்தார். இடுப்பு போய்விட்டது. ஆறேழு மாதம் படுக்கை, பிறகு ஊன்றுகோல்.

அதற்குப் பிறகு என் கை நடுங்க ஆரம்பித்தது. கம்பத்தைத் தொட்டால் நடுங்கும், விட்டுவிட்டால் நின்றுவிடும். பிறகு டீ கிளாசைப் பிடிக்கும்போதும் நடுங்கியது. நான் இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்துக் குடிக்கப் பழகினேன். குளிருக்கு அப்படிப் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன், சித்திரை வெயிலில். கையுறையை எல்லோருக்கும் முன்னால் போட்டுக்கொள்வேன். வீட்டில் கேட்டதற்கு வயசாகிறது என்றேன். ஆபீசில் மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது. ஏறாத லைன்மேனை யார் மதிப்பார்கள்? எங்களிடையே ஒரு ஆளின் மரியாதை அவன் ஏறுகிற வேகத்தில்தான் இருந்தது. அந்த மரியாதை போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. உயிரைவிட அதைத்தான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதக் காற்று நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிறுமலை அடிவாரத்தில் ஒரு ஊர். அன்று அங்கே அந்தோணியார் கோயில் திருவிழா. சாயங்காலம் சப்பரம் புறப்பட வேண்டும். மதியம் ஒரு புளியங்கிளை முறிந்து லைன்மேல் விழுந்து, மொத்த ஊரும் இருண்டுபோனது. நாங்கள் போனபோது வெளியூர் போன பிள்ளைகளெல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார்கள். சப்பரத்தில் சீரியல் லைட் கட்டி முடித்து, ஊரே கம்பத்தைச் சுற்றி நின்றது. எங்கள் புது இன்ஜினியர் மேடமும் ஜீப்பில் வந்திருந்தார். வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. போனில் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி முகம் சிவந்திருந்தது.

கிளையை வெட்டி எடுத்தோம். லைன் நிறுத்தியதை உறுதி செய்தோம். எர்த் கம்பி மாட்டினோம். இனி மேலே ஏறி அறுந்த இணைப்பைக் கட்ட வேண்டும். மூத்தவன் என்ற முறையில் நான்தான் ஏற வேண்டும். ஏணியில் காலை வைத்தேன். கம்பத்தைப் பிடித்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. மேலே பார்த்தால் பால்ராசு விழுவதுபோலவே இருந்தது. இன்னொரு படி ஏறினேன். நடுக்கம் தோள் வரைக்கும் வந்துவிட்டது.

இறங்கிவிட்டேன். மேடத்திடம் போய், "மேடம், இன்னைக்கு என்னால ஏற முடியாது. கை நடுங்குது" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"என்ன சின்னச்சாமி, இந்த நேரத்துல வந்து சொல்றீங்க?" என்றார் மேடம். பாவம், அவருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கூட்டத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. "கரண்ட்டுக்காரருக்கே பயமாம்ப்பா. அப்ப நம்ம யார்ட்டப் போய்ச் சொல்றது?" ஊரே சிரித்தது. திருவிழா அல்லவா, சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

"தள்ளுண்ணே, நான் போறேன்" என்று காதர் என் இடுப்பில் இருந்த பெல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். கட்டி முடித்தார், இறங்கினார். சப்பரத்தில் லைட் எரிந்தது, வெடி போட்டார்கள். கதையாக இருந்தால் அந்த லைனில் எப்படியோ கரண்ட் வந்திருக்கும், என் பயம்தான் எல்லோரையும் காப்பாற்றியது என்று முடிந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. லைன் செத்துத்தான் கிடந்தது. நான் ஏறியிருந்தாலும் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. நான் பயந்தேன், சொன்னேன், சிரித்தார்கள். நடந்தது இவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்துகிறேன், காதர் டீக்கடையில் இருந்தே கத்தினார். "என்னண்ணே, கை எப்படி இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றில் இருந்து தினமும் அதே கேள்விதான். டீக்கடைக்காரர்கூட கிளாசை நீட்டும்போது கேட்க ஆரம்பித்தார். என்னைக் கொஞ்ச நாள் கீழ் வேலைக்குப் போட்டார்கள். ஃபியூஸ் போடுவது, மரம் வெட்டுவது. வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காத நாட்கள் உண்டு. ட்ரான்ஸ்ஃபர் கேட்டுப் பழனிப் பக்கம் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்புறம் ஒரு நாள், டீக்கடையில் காதர் கேட்டபோது, எந்த யோசனையும் இல்லாமல் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நடுங்குதுடா. நேத்தைக்கு இன்னைக்குக் கம்மி. அம்புட்டுதான்."

நான் ஒரு கையில் டீ கிளாசை வாங்கினேன். கொஞ்சம் டீ சிந்தியது. அவ்வளவு பேர் முன்னால் அது சிந்தியதும், இத்தனை நாள் நான் தூக்கிச் சுமந்த பெரிய மூட்டை ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. மறைப்பதற்கு இனி ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நான் இன்னும் அதே டீக்கடையில்தான் நிற்கிறேன். தினமும் கேட்டார்கள், தினமும் உள்ளதைச் சொன்னேன். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தீபாவளிக்குள் மறுபடியும் ஏற ஆரம்பித்துவிட்டேன். எந்த மருந்தும் சாப்பிடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அது என் சொந்தக் கதை, உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். விஷயம் பால்ராசு வீட்டில்தான் மாறியது.

அவர் எழுந்து உட்கார ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, நானும் காதரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போனோம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, காதர் அவரைச் சிரிக்க வைக்க என் கதையை அவிழ்த்துவிட்டார். சப்பரம், புளியங்கிளை, நான் ஏணியில் இருந்து இறங்கியது எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். "இப்ப டெய்லி கேக்குறோம்ப்பா, கை எப்படி இருக்குன்னு" என்று முடித்தார்.

பால்ராசு சிரிக்கவில்லை.

"எங்கிட்ட யாராச்சும் அப்படிக் கேட்டிருக்கலாம்" என்றார்.

"என்னப்பா சொல்ற?"

"அன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்தே தலை கிர்ருன்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு நாளாக் காய்ச்சல். ஏணிகிட்ட செத்த நேரம் நின்னேன். நீதான் என்னமோ சொன்ன காதரு, ஞாபகம் இருக்கா?"

காதர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும் ஞாபகம் வந்தது. பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிற்காதே என்று காதர் சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பால்ராசுவும் சிரித்துவிட்டு ஏறினார்.

"உன்னையச் சொல்லல. நான்தான் சொல்லியிருக்கணும். சொன்னா என்னைய என்ன நினைப்பீங்களோன்னு இருந்துச்சு" என்றார் பால்ராசு. பிறகு தன் மகளைக் கூப்பிட்டு எங்களுக்குக் காபி போடச் சொன்னார்.

திரும்பி வரும்போது காதர் வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தார். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோது என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுதாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் காதர்தான் கேட்டார். ஆனால் என்னிடம் மட்டும் இல்லை. ஒவ்வொருவரிடமும் போய், முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார். "கை எப்படி இருக்கு?" பதில் வரும் வரைக்கும் நகரவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அப்படித்தான் அது வழக்கமானது. சரியில்லை என்று சொல்கிறவர் அன்று மேலே ஏற வேண்டாம், கீழ் வேலை பார்க்கலாம். காரணம் கேட்கக்கூடாது. அது ஒன்றுதான் சட்டம். மேடத்துக்கு முதலில் நம்பிக்கை இல்லை, வேலைக்குக் கள்ளம் பண்ணுவார்கள் என்றார். பண்ணவும் செய்தார்கள். மச்சினன் கல்யாணம் வந்தால் ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே கை நடுங்குகிற ஒருத்தர் எங்களிடம் இருந்தார், பெயர் வேண்டாம். போகட்டும். அவருக்காகக் கேள்வியை நிறுத்தியிருந்தால், மகள் வீட்டைவிட்டுப் போன மறுநாள் கண்கள் சிவந்து வந்து நின்றாரே இன்னொருத்தர், அவர் ஏறியிருப்பார். கொஞ்ச நாளில் மேடமே ஜீப்பில் இருந்து இறங்கியதும் முதலில் அதைக் கேட்க ஆரம்பித்தார். ஒரு தடவை காதர் அவரைத் திருப்பிக் கேட்டதற்கு, "எனக்கும் சரியில்லப்பா. ஆபீஸ் ரூம்ல உக்காந்துக்குறேன், யாரும் ஒரு மணி நேரம் வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் போகவில்லை, காரணமும் கேட்கவில்லை.

காதரிடம் மட்டும் ஒரே பதில்தான். "மலைக்கோட்டை மாதிரி இருக்குண்ணே" என்பார். வருஷக்கணக்காக அதைத்தான் சொன்னார்.

கொரோனா இரண்டாவது தடவை வந்து ஊரைப் புரட்டிப் போட்டதே, அப்போது எங்கள் ஆட்களில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். நாளைக்கு யார் இருப்பார், யார் இருக்க மாட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மதியம் டவுன் ஓரத்தில் ஒரு தெருவில் கம்பத்து இணைப்பு கருகிவிட்டது. போனது நானும் காதரும் மட்டும்தான். நான் ஓய்வு பெறுகிற வயசை நெருங்கிக்கொண்டிருந்தேன். தெருவில் யாருமே இல்லை. ஒரு வீட்டில் இருந்து ஒரு பெண் மாஸ்க் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணே, அப்பாவுக்கு ஆக்சிஜன் மிசின் நின்னுபோச்சு. சிலிண்டர் ஒண்ணுதான் கெடக்கு, அது ரொம்ப நேரம் வராதுண்ணே."

லைன் நிறுத்தியாகிவிட்டது. காதர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். வழக்கம்போலக் கேட்டேன். "கை எப்படி இருக்கு?"

மலைக்கோட்டை வரும் என்று காத்திருந்தேன். காதர் காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"சரியில்லண்ணே."

காரணம் கேட்கக்கூடாது. ஆனால் அந்தக் காரணம் எனக்குத் தெரியும். தகப்பன் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்த அண்ணன், அய்யலூர்ச் சந்தைக்குப் போகிற அண்ணன், பெரியாஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். உள்ளே யாரையும் விடவில்லை. பக்கத்துப் பிரிவு ஆபீசுக்குப் போன் போட்டேன், ஆள் வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கையை நீட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியது. கம்பத்தைப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்க நடுக்கம் ஏறவில்லை, அடங்கியது. அந்தோணியார் கோயில் கம்பத்தடியில் எனக்கு வந்த நடுக்கம் வேறு, இது வேறு என்பது தெரிந்தது. அன்றைக்கு இறங்கியவனுக்குத்தான் அது தெரியும்.

"என் கையும் லேசா ஆடுது காதரு. ஆனா பிடி நிக்குது" என்றேன். "நீ கீழயே இரு. நான் ஏறுறேன். கயித்தப் பிடிச்சுக்கிட்டு எதையாச்சும் பேசிக்கிட்டே இரு. நான் பதில் சொல்லலைன்னா இறங்கச் சொல்லு."

அவர் பேசினார். அண்ணனைப் பற்றித்தான் பேசினார். சின்ன வயசில் சந்தைக்குக் கூட்டிப் போனது, ஆட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்லக் கற்றுக்கொடுத்தது, விலை படியாத நாளில் வெறும் புரோட்டாவைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தது. நடுநடுவே, "பெல்ட்ட மாட்டிட்டியாண்ணே?" "மாட்டிட்டேன்." "கை?" "இருக்கு, நீ பேசு." குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஒரு இணைப்பை நான் கட்டியதில்லை. இறங்கி வந்து லைன் கொடுக்கச் சொன்னோம். அந்த வீட்டுக்குள் இருந்து மிசின் ஓடுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. காதரும் நானும் ஏணியில் சாய்ந்துகொண்டு அதைக் கேட்டோம்.

காதரின் அண்ணன் அடுத்த வாரம் இறந்துபோனார். துக்கம் முடிந்து காதர் வேலைக்கு வந்த அன்று, எங்களால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஆளுக்கொரு வேலையாகத் திரும்பிக்கொண்டோம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"என்ன, இன்னைக்கு யாரும் கேக்க மாட்டீங்களா?"

நான்தான் போய்க் கேட்டேன். "கை எப்படி இருக்கு காதரு?"

"கை நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஏறலண்ணே" என்றார். சரி என்றேன். அன்று முழுக்க ஆபீசில் உட்கார்ந்து வருகிற புகார்ப் போன்களை எடுத்தார்.

எனவே தம்பிகளே, தங்கைகளே, அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் வரும்வரை நில்லுங்கள். உங்களைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காலம் எப்போது எப்படி மாறும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் இருக்கிறோம். நம் பலம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிகிறது. எங்கே பலம் இல்லை என்பது கயிற்றைப் பிடித்திருக்கிறவருக்காவது தெரிய வேண்டும்.

காதரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தினமும் காலையில் போன் செய்வார். ஹலோ கிடையாது, எடுத்த எடுப்பிலேயே அதே கேள்விதான். போன வாரம் நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். கை மறுபடியும் நடுங்க ஆரம்பித்திருக்கிறது. இந்தத் தடவை கம்பமும் இல்லை, பயமும் இல்லை. நரம்பில் ஏதோ கோளாறு என்று ஒரு பெயர் சொன்னார், கூடிக்கொண்டுதான் போகுமாம். வீட்டில் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. டீயை மறுபடியும் இரண்டு கையால் பிடித்துத்தான் குடிக்கிறேன். டாக்டரைப் பார்த்த மறுநாள் காலையில் போன் அடித்தது.

"அண்ணே, கை எப்படி இருக்கு?"

மலைக்கோட்டை மாதிரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நடுங்குதுடா. இந்தத் தடவை நிக்காதாம்."

காதர் காரணம் கேட்கவில்லை. பிறகு வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"நீ கீழயே இருண்ணே. நான் வாரேன்."